பழைய சீட்டுக்கு ஆன்லைனில் மாத்திரை வருகிறதே, சரிதானா?

வாசகர் கேள்வி – பதில்: மருந்தும் சட்டமும்

அம்மாவுக்குத் தூக்கம் வர அல்பிரசோலம் 0.25 மி.கி. எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை கொடுத்ததும் சீட்டில் முத்திரை குத்தி, தனி நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த மாதம் புதுச் சீட்டு கேட்கிறார். அந்தச் சீட்டின் போட்டோவை ஒரு செயலிக்கு அனுப்பினால் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. யார் செய்வது சரி? – வாசகி, கும்பகோணம்

கடைக்காரர் செய்வதுதான் சரி. மருந்து விதிகள் (1945), 65-ஆவது விதியின்படி சீட்டில் மருத்துவரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மொத்தம் எத்தனை மாத்திரை, எந்த அளவில் சாப்பிட வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். மறுபடி தரலாம் என்று மருத்துவரே எழுதாதவரை ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. கொடுத்தவுடன் கடையின் பெயர், முகவரி, தேதியை மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே குறித்துவிட வேண்டும். நீங்கள் பார்த்த முத்திரை அதற்குத்தான்.

அந்தத் தனி நோட்டு, அல்பிரசோலம் போன்று கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான ஷெட்யூல் எச்1-க்கென்று 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள பதிவேடு. சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்து கேட்டால் காட்ட வேண்டும்.

போட்டோவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முத்திரை விழுவது காகிதத்தில். அதற்கு முன்பே எடுத்த போட்டோ எப்போதும் முத்திரை இல்லாமலே இருக்கும். 30 மாத்திரைக்கு எழுதிய சீட்டை மூன்று தளங்களுக்கு அனுப்பினால் 90 மாத்திரை கைக்கு வரும். ஒவ்வொரு தளத்துக்கும் தன் விற்பனை மட்டுமே தெரியும். ஆன்லைன் மருந்து விற்பனை பற்றிய சண்டை முழுவதிலும் எங்களுக்கு முக்கியமாகப் படுவது இந்த ஓட்டைதான். சீட்டு தீர்ந்துவிட்டது என்பதை எல்லா விற்பனையாளர்களும் ஒரே இடத்தில் பார்க்கும் ஏற்பாடு இல்லாமல், செயலிக்கு உரிமம் கொடுத்தாலும் இது அடைபடாது.

மாதாமாதம் மருத்துவமனைக்கு அலைவது சிரமம் என்றால், "30 மாத்திரை, மாதம் ஒரு முறை, மூன்று முறை தரலாம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விதியில் அதற்கு இடம் உண்டு. ஆனால் மருத்துவர் யோசிப்பதற்கும் காரணம் இருக்கிறது. சில வாரங்களிலேயே உடம்பு இந்த மருந்துக்குப் பழகிவிடும். வயதானவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழுவார்கள். திடீரென்று நிறுத்தினால் படபடப்பு, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் வேலை.

ஆன்லைன் மருந்து விற்பனைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதே, பிறகு எப்படி நடக்கிறது? – வாசகர், மதுரை

2018 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அரசு இ-பார்மசி (ஆன்லைன் மருந்துக்கடை) வரைவு விதிகளை வெளியிட்டது. டிசம்பர் 12-இல் டெல்லி உயர் நீதிமன்றமும், தமிழ்நாடு மருந்து வணிகர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில் டிசம்பர் 17-இல் சென்னை உயர் நீதிமன்றமும் தடை விதித்தன. விதிகளை 2019 ஜனவரி 31-க்குள் இறுதி செய்யச் சொன்னது சென்னைத் தீர்ப்பு. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு ஜனவரி தொடக்கத்திலேயே, விற்பனையைத் தடுத்த அந்தச் சென்னைத் தீர்ப்புக்கே இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. வரைவு வரைவாகவே தங்கிவிட்டது. 2023 பிப்ரவரியில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி இருபதுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்.

அந்த வரைவில் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்துகளும், மனதை அமைதிப்படுத்தும் மருந்துகளும், மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் எக்ஸ் பட்டியல் மருந்துகளும் ஆன்லைனில் விற்கவே கூடாது என்றுதான் இருந்தது. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்த் தர அனுமதித்தபோதும் இவற்றோடு எச்1 மருந்துகளையும் விலக்கியே வைத்தார்கள். ஊரே அடைந்து கிடந்த நாளில்கூடத் தளர்த்தாத ஒன்றை இன்று கேள்வி கேட்பார் இல்லாமல் விட்டிருப்பது பெரிய தவறு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் தாராளமாக வீடு தேடி வரட்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவதால்தான் ஏழெட்டு ஆண்டாக ஒரு முடிவும் வரவில்லை.

எந்த மாத்திரை எந்த வகை என்று அட்டையைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியுமா? – வாசகர், நாகர்கோவில்

முடியும். இடது மேல் மூலையைப் பாருங்கள். 'ஆர்எக்ஸ்' என்று மட்டும் இருந்தால் ஷெட்யூல் எச், அதாவது சீட்டுக்கு மட்டும் தரும் சாதாரண வகை. அதே எழுத்து சிவப்பில், சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையோடு இருந்தால் எச்1. சிவப்பில் 'என்ஆர்எக்ஸ்' என்றால் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. 'எக்ஸ்ஆர்எக்ஸ்' என்றால் ஷெட்யூல் எக்ஸ். கடைசி வகைக்குச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருப்பார்.

முதலில் ஆர்டர் போடச் சொல்கிறார்கள். பிறகு ஒரு டாக்டர் போன் செய்து இரண்டு கேள்வி கேட்டதும் சீட்டு வந்துவிடுகிறது. அது செல்லுமா? – வாசகி, கோவை

2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் போனில் சீட்டு எழுதுவதை ஏற்கின்றன. ஆனால் ஷெட்யூல் எக்ஸ், போதைப்பொருள் சட்ட மருந்துகளை அப்படி எழுதக் கூடாது. வலிப்பு மருந்துகள் சிலவற்றுக்குத்தான் பிறகு விலக்கு தந்தார்கள். சீட்டில் மருத்துவரின் பதிவு எண் கட்டாயம். மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் பெயர் வர வேண்டும். வராவிட்டால் அந்தத் தளத்தை விட்டு விலகிவிடுங்கள்.

கல்லூரியில் படிக்கும் மகனுக்குப் பார்சலில் டிரமடால் என்ற வலி மாத்திரை வந்திருக்கிறது. மருந்துச்சீட்டு எதுவும் இல்லை. என்ன செய்வது? – வாசகர், வேலூர்

டிரமடால் 2018 ஏப்ரல் முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. சீட்டில்லாமல் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்பதால், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். பார்சல் உறை, அட்டையின் பேட்ச் எண், பணம் அனுப்பிய விவரம் எதையும் தூக்கி எறிய வேண்டாம். பில்லில் கடையின் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. புகாரை மாவட்ட மருந்து ஆய்வாளரிடமோ, 1933 என்ற தேசிய போதைப்பொருள் உதவி எண்ணிலோ கொடுக்கலாம்.

மகனைத் திட்டித் தீர்க்காமல், எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று நிதானமாகக் கேளுங்கள். தினமும் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தும்போது வியர்வை, வயிற்றுப்போக்கு, உடம்பு வலி வரும். அதைத் தாங்க முடியாமல்தான் பலர் மறுபடி எடுக்கிறார்கள். போதை மீட்புக்கான இலவச எண் 14446. அதிக அளவில் எடுத்தால் டிரமடால் வலிப்பையும் உண்டாக்கும். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.