பியோர்க்கை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் எப்போது பார்த்தாலும் பியோர்க் என்ற ஐஸ்லாந்துப் பாடகியைத்தான் கேட்கிறாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று அவருடைய ‘ஃபொசோரா’ ஆல்பத்தைப் போட்டேன். இரண்டு பாட்டுக்கு மேல் தாங்கவில்லை. நான் மெட்டுக்காகப் பாட்டு கேட்பவன். எதில் ஆரம்பித்தால் பிடிபடும்? அவர் நடித்த படத்தையும் பார்க்கலாமா?

பதில்: உங்கள் காதில் குறையில்லை, எடுத்த ஆல்பம்தான் அப்படி. 2022-இல் வந்த ‘ஃபொசோரா’வின் முதல் பாட்டிலேயே பேஸ் கிளாரினெட்டுகள் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் ஊதுவாத்தியங்கள்) கூட்டமாக உறுமும். கூடவே கேபர் எனப்படும் அதிவேக எலக்ட்ரானிக் நடன இசையின் அடி விழும். பல வருட ரசிகர்களே அதைக் கேட்டுக் கொஞ்சம் திகைத்தார்கள்.

பியோர்க்கைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான ஆல்பங்களில் அவர் பாட்டின் சுற்றுப்புறத்தை முழுக்க மாற்றிவிடுவார். அவருடைய குரலும் மெட்டுக் கட்டும் விதமும் அவ்வளவாக மாறுவதில்லை. ஒன்றில் தந்தி வாத்தியங்கள், இன்னொன்றில் வெறும் மனிதக் குரல்கள், 2017-இல் வந்த ‘யுடோப்பியா’வில் புல்லாங்குழல்கள். ஆகவே ஆல்பங்களை வருட வரிசையில் கேட்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்குப் பிடித்த வாத்தியம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆரம்பியுங்கள்.

மெட்டு வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் 1997-இல் வந்த ‘ஹோமோஜெனிக்’. 10 பாட்டுகள், முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த எட்டுத் தந்திக் கலைஞர்கள் ஒரு பக்கம், இசைத் தயாரிப்பாளர் மார்க் பெல் முதலானோர் செய்த கரடுமுரடான எலக்ட்ரானிக் தாளம் இன்னொரு பக்கம். தன் நாட்டின் நிலம் போல ஒலிக்க வேண்டும் என்று திட்டமிட்டே செய்தார். ‘யோகா’ என்ற பாட்டை முதலில் கேளுங்கள். முதல் முறை தாளத்தைக் கண்டுகொள்ளாமல் குரலையும் வயலின்களையும் மட்டும் பின்தொடருங்கள். மெட்டு எவ்வளவு நேரடியானது என்று தெரியும். நடுவில் அந்தத் தாளம் பாறை பிளப்பது போல வெடிக்கும்போது ஏன் அங்கே வெடிக்கிறது என்பதும் புரியும். அடுத்து ‘பேச்சலரெட்’. அதன் தந்தி இசை சினிமாவின் பின்னணி இசைபோலப் பிரம்மாண்டமானது, உங்களுக்கு உடனே பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் 1993-இல் வந்த ‘டெபியூ’வில் இருந்து ‘வீனஸ் ஆஸ் எ பாய்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். லண்டனில் வளர்ந்த தபலாக் கலைஞர் தல்வின் சிங் அதில் வாசித்திருக்கிறார்; தந்தி இசையை அவர் இந்தியாவில் பதிவு செய்துவந்தார். ‘டெபியூ’ என்ற பெயரைப் பார்த்து அதுதான் முதல் ஆல்பம் என்று எண்ண வேண்டாம். 1965-இல் ரெய்க்யாவிக்கில் பிறந்தவர், 1977-இலேயே, 12 வயது ஆகும்போது, ஐஸ்லாந்தில் ஒரு ஆல்பம் வெளியிட்டுவிட்டார். பிறகு பங்க் குழுக்கள், ‘சுகர்கியூப்ஸ்’ என்ற இசைக்குழு, அப்புறம்தான் லண்டன்.

ஹெட்போன் இருந்தால் அடுத்து ‘வெஸ்பர்டைன்’ (2001). என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த ஆல்பம் அதுதான். இணையத்தில் இறக்குவதற்காகப் பாட்டுகளைச் சுருக்கியதில் ஒலித்தரம் குறைந்துகொண்டிருந்த காலம். அப்படிச் சுருக்கினாலும் கெடாத ஒலிகள் எவை என்று யோசித்து ஹார்ப் என்ற தந்தி வாத்தியம், மணி போல ஒலிக்கும் செலஸ்டா என்ற கட்டை வாத்தியம், சாவி கொடுக்கும் இசைப்பெட்டி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தார். தாளமாக வருவது பனியில் நடக்கும் ஒலி, சீட்டுக்கட்டைக் கலைக்கும் ஒலி மாதிரிச் சின்னச் சின்னச் சத்தங்கள். மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் இதெல்லாம் காணாமல் போய்விடும். இரவில், தனியாகக் கேளுங்கள். வீடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தை: இந்த ஆல்பத்தின் சில வீடியோக்களில் நிர்வாணம் உண்டு, குடும்பத்தோடு போட வேண்டாம்.

‘மெடுல்லா’வை (2004) மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட எல்லாமே வாயால் எழுப்பிய ஒலிதான்: பாடகர் குழு, வாயாலேயே தாளம் போடும் (பீட்பாக்ஸ்) ரஹ்சேல், கனடாவின் இனுயிட் பழங்குடி மரபுக் குரல்பாடகி தான்யா தகாக். அதில் உள்ள ‘ஓஷியானியா’வை ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாடினார். அவருடைய உடை விரிந்துகொண்டே போய் விளையாட்டு வீரர்களின் தலைக்கு மேல் பரவியது. வீடியோ கிடைத்தால் பாருங்கள்.

‘வல்னிகுரா’வை (2015) இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். நீண்ட நாள் துணையைப் பிரிந்த காலத்தின் பாட்டுகள். பிரிவுக்கு ஒன்பது மாதம் முன்பு, இரண்டு மாதம் பின்பு என்று முதல் ஆறு பாட்டுகளுக்குக் காலக்குறிப்பே போட்டிருப்பார். மெட்டு தெரிந்த பிறகு போனால் தாங்கும். ‘இட்ஸ் ஓ ஸோ குவயட்’ பாட்டை யாராவது அனுப்பினால் ரசியுங்கள், ஆனால் அதை வைத்து அவரை எடைபோடாதீர்கள். அது பழைய பாட்டு ஒன்றின் மறுபதிவு.

சரி, படம். நீங்கள் கேட்பது ‘டான்சர் இன் த டார்க்’ (2000) என்று நினைக்கிறேன். லார்ஸ் வான் ட்ரையர் இயக்கியது. கான் திரைப்பட விழாவில் படத்துக்கு அதன் உச்ச விருதான தங்கப் பனை, பியோர்க்குக்குச் சிறந்த நடிகை விருது. பார்வை மங்கிக்கொண்டே வரும் செக் நாட்டுத் தொழிலாளிப் பெண்ணாக வருகிறார், மகனின் கண் அறுவைக்காகக் காசு சேர்க்கிறார். தொழிற்சாலை இயந்திரங்களின் சத்தமும் ரயிலின் சத்தமும் அவள் மனதில் பாட்டாக மாறும் இடங்கள் அபாரம். ஆனால் முடிவு மிகக் கொடுமையானது. மனம் சரியில்லாத நாளில் தொடாதீர்கள். படப்பிடிப்பு அவருக்கே கசப்பாகத்தான் முடிந்தது, அதன்பின் அவர் நடிப்பில் அவ்வளவாக ஈடுபடவில்லை. 2022-இன் ‘த நார்த்மேன்’ படத்தில் குறிசொல்லும் பெண்ணாகக் கொஞ்ச நேரம் வந்து போவார்.

என் யோசனை, படத்துக்கு முன் அதன் பாடல்கள் அடங்கிய ‘செல்மாசாங்ஸ்’ ஆல்பத்தைக் கேட்டுவிடுங்கள். அரை மணி நேரம்தான். அதில் ‘ஐ ஹேவ் ஸீன் இட் ஆல்’ பாட்டை அவரோடு சேர்ந்து பாடுபவர் ரேடியோஹெட் குழுவின் தாம் யார்க். ஆஸ்கருக்குப் பரிந்துரையான பாட்டு. அது பிடித்துப்போனால் படத்துக்குப் போங்கள். பிடிக்காவிட்டால் பாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம், நஷ்டமில்லை.