ஒரே இழை, 64 வீடுகள்

ஃபைபர் இணையத்தைப் பங்கிடுவதில் இயந்திரக் கற்றல் உதவுமா என்று கேட்டு வந்தவற்றில் சில.

அண்ணா, ஒரே இழையில் 64 வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறேன். படம் நன்றாக ஓடுகிறது. வீடியோ அழைப்புதான் மாலையில் திக்குகிறது. – கேபிள் ஆபரேட்டர், அம்மாபேட்டை

படம் வீட்டுக்கு இறங்கினால் போதும், வீடியோ அழைப்பு வீட்டிலிருந்து ஏறவும் வேண்டும். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் ஜிபான் (GPON) முறையில் இறங்கும் வழிக்கு நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட், ஏறும் வழிக்கு அதில் பாதிதான். இறங்குவதை, ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோலப் பிரித்துக் கொடுத்துவிடும். ஏறும்போது இரண்டு வீடுகள் ஒரே சமயத்தில் ஒளியை அனுப்பினால் மோதல். அதனால் உங்கள் அறையில் இருக்கும் ஓஎல்டி (OLT) என்ற மையக் கருவி வீடுகளுக்கு முறை வைக்கிறது. ஏரி மடையில் நீர்க்கட்டி முறை வைப்பாரே, அதேதான். அவருக்கு நாழிகைக் கணக்கு, இதற்கு 125 மைக்ரோநொடிக் கணக்கு.

ஐயா, முறைதான் ஏற்கெனவே இருக்கிறதே, கற்றல் எதற்கு? – பொறியியல் மாணவி

வீட்டுப் பெட்டி "என்னிடம் இவ்வளவு தேங்கியிருக்கிறது" என்று சொல்லி, அனுமதி திரும்பி வர வேண்டும். ஃபைபரில் ஒளிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோநொடி. 20 கிலோமீட்டர் போய் வர 200. அதற்குள் தேக்கம் மாறிவிடும். வரப்போவதைக் கணித்தால் கேட்குமுன்பே முறை ஒதுக்கலாம். கணிப்பு தவறினால் அந்த முறை வெறுமனே போகும், அடுத்த வீடு காத்திருக்கும். இந்தப் பக்கத்தைப் பலர் சொல்வதில்லை.

எங்கள் வீட்டுப் பயன்பாட்டை எல்லாம் ஓரிடத்தில் சேர்ப்பார்களா? – அஸ்தம்பட்டி

தேவையில்லை. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த கூட்டுக் கற்றலில் தரவு வீட்டிலேயே இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் தானே கற்று, கற்ற எண்களை மட்டும் அனுப்பும். மையம் அவற்றின் சராசரியை எடுத்துத் திருப்பித் தரும். அந்த எண்களிலிருந்தும் ஓரளவு ஊகிக்க முடியும் என்பதால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு இதில் சுவையான இடம் வேறு. பத்து லட்சம் எண்கள், ஒன்றுக்கு 4 பைட் என்று வையுங்கள்: ஒரு வீட்டுக்கு 32 மெகாபிட். 64 வீடுகளும் அனுப்பினால் 2,048 மெகாபிட். ஏறும் வழி முழுவதையும் ஒன்றரை நொடிக்கு மேல் இதுவே விழுங்கும்! நெரிசலைத் தீர்க்க வந்தவரே நெரிசல். ஆகவே எண்களை 1 பைட்டாகச் சுருக்குவார்கள், ஒரு சுற்றுக்குச் சில வீடுகளை மட்டும் சேர்ப்பார்கள், கற்றலுக்கென்று தனி முறை ஒதுக்குவார்கள். கடைசியாக வரும் பெட்டிக்காக மற்றவை காத்திருப்பது இன்னொரு தலைவலி.

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறேன். மழை பெய்தால் இணைப்பே போகிறது. இந்தக் கற்றல் சரிசெய்யுமா?

செய்யாது, அம்மா. கற்றல் முறையைத்தான் பங்கிடும்; உங்கள் கோளாறு இழையில் இருக்கலாம். ஏற்காட்டுக்கு வரும் பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பலாம். ஃபைபர் அப்படித் திரும்பினால் ஒளி வெளியே கசிந்துவிடும். சாதாரண இழைக்கு வளைவின் ஆரம் 3 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த ஸ்பிளிட்டரும் 64 ஆகப் பிரிப்பதென்றால் அதிலேயே ஒளியின் வலிமை 18 டெசிபலுக்கு மேல் குறைந்திருக்கும், மிச்சம் கொஞ்சம்தான். மழை பெய்யும்போதே உங்கள் பெட்டியின் முனையில் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்கு (dBm) கீழே காட்டினால் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் ஜாயிண்ட் பெட்டியைத் திறந்து, தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, இழையை மறுபடி ஒட்ட வேண்டும்.