பல்கலைக்கழகத்தில் உயிரியல், சுற்றுச்சூழல் ஆராய்ச்சி வேலை: கேள்வி பதில்

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். பிஎச்.டி. இல்லாமல் ஆராய்ச்சி வேலை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆராய்ச்சி உதவியாளர், ஆய்வக டெக்னீஷியன், களப்பணி உதவியாளர் போன்ற இடங்களுக்குப் பெரும்பாலும் உங்கள் படிப்பே போதும். ஆனால் இவற்றில் பல, பேராசிரியருக்குக் கிடைத்த திட்ட நிதியை நம்பி இருப்பவை. நிதி தீர்ந்தால் வேலையும் முடிந்துவிடும். அதனால் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் எத்தனை மாதப் பணி என்று பாருங்கள். நீட்டிப்பு உண்டா என்று நேர்காணலிலேயே கேட்கலாம், தவறே இல்லை.

கேள்வி: பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். ஒருவரும் பதில் போடுவதில்லை. ஏன்?

பதில்: ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி எல்லோருக்கும் அனுப்பினால், இரண்டாவது வரியிலேயே அது தெரிந்துவிடும். ஓர் ஆய்வகம், ஆற்று நீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவை வைத்து அங்கே என்னென்ன மீன்கள் வாழ்கின்றன என்று கண்டுபிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய அண்மைக் கட்டுரை ஒன்றை முழுதாகப் படியுங்கள். 'ஆற்றின் மேல்பகுதியிலிருந்து அடித்து வரப்பட்ட டிஎன்ஏவை எப்படிப் பிரித்தறிந்தீர்கள்?' என்று உண்மையாகவே உங்களுக்கு எழுந்த சந்தேகத்தைக் கேளுங்கள். அடுத்து, பிசிஆர் (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் ஆய்வக முறை) செய்து பழக்கம் உண்டா, எத்தனை மாதிரிகளைக் கையாண்டீர்கள் என்று இரண்டு வரி. சுயவிவரத்தை இணையுங்கள், அவ்வளவுதான். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரே ஒருமுறை நினைவூட்டலாம். இப்படி ஐந்து பேருக்கு எழுதுவது, ஐம்பது பேருக்குப் பொதுக் கடிதம் அனுப்புவதைவிட மேல்.

கேள்வி: எனக்குக் கள அனுபவமும் இல்லை, ஆய்வக அனுபவமும் இல்லை. எதைக் காட்டி விண்ணப்பிப்பது?

பதில்: தரவைக் கையாளத் தெரியும் என்று காட்டுங்கள். புள்ளியியலுக்கு ஆர் (R) என்ற நிரல்மொழி, வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் (QGIS) என்ற மென்பொருள், இரண்டுமே இலவசம். ஜிபிஐஎஃப் (GBIF) இணையதளத்தில் உலகம் முழுவதும் பதிவான உயிரினத் தரவுகள் கிடைக்கின்றன. ஒரு பறவையை எடுத்து அதன் பரவலை வரைந்து பாருங்கள். பதிவுகள் சாலையோரத்திலும் நகரங்களிலும் குவிந்திருக்கும். பறவை அங்கேதான் அதிகம் என்று அர்த்தமில்லை, பார்ப்பவர்கள் அங்கே அதிகம். இதைக் கவனித்து, அதற்கேற்பப் பகுப்பாய்வைத் திருத்தி, நிரலை கிட்ஹப்பில் (நிரல்களைப் பொதுவில் பகிரும் இணையதளம்) போடுங்கள். சான்றிதழ்களைவிட இது நிறையப் பேசும்.

கேள்வி: தாவரவியல் படித்தவர்கள் சுற்றுச்சூழல் துறைக்கு மாறலாமா?

பதில்: தாராளமாக. செடியைப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்களைக் களஆய்வுக் குழுக்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பிஎச்.டி. முடியப்போகிறது. வெளிநாட்டில் போஸ்ட்டாக்குக்கு (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) எப்போது முயற்சியைத் தொடங்குவது?

பதில்: இப்போதே. விளம்பரம் வந்த இடங்களுக்கு விண்ணப்பிப்பது ஒரு வழி. யூராக்செஸ் (EURAXESS) என்ற இணையதளத்தில் ஐரோப்பிய இடங்கள் நிறைய வரும். இன்னொரு வழி, சொந்த நிதிநல்கையோடு போவது. ஐரோப்பாவின் மேரி கியூரி நல்கைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் உங்களை ஏற்கும் பேராசிரியரோடு சேர்ந்துதான் எழுத வேண்டும். கடைசி நாள் வழக்கமாகச் செப்டம்பரில் வரும். பேச்சை அதற்குப் பல மாதங்கள் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதம் சம்பளமில்லாமல் களப்பணிக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

பதில்: என் கருத்து, வேண்டாம். ஓரிரு வாரம் கற்றுக்கொள்ளப் போவது வேறு. ஆறு மாதம் முழுநேரம் உழைத்தால் அது வேலை, அதற்குக் கூலி உண்டு. வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டுமே இந்தத் துறைக்குள் வர முடியும் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. போயே தீர வேண்டுமென்றால் தங்குமிடம், பயணச் செலவு, காப்பீடு, கட்டுரையில் உங்கள் பெயர் இடம்பெறுமா என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.