ராணுவ மருத்துவமனையில் தவறான சிகிச்சை: எந்த வாசலில் போய்க் கேட்பது?

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்த முன்னாள் படைவீரர்களும் குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஹவில்தார். வெளியூர் ராணுவ மருத்துவமனை ஒன்றில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். பத்தாம் நாள் தனியார் மருத்துவமனையில் பார்த்தபோது பித்தநாளம் வெட்டுப்பட்டிருந்தது. மறு ஆபரேஷனுக்கு 4,20,000 ரூபாய் ஆனது. "ஓசி வைத்தியம், அதுவும் மிலிட்டரி ஆஸ்பத்திரி, கேஸ் நிற்காது" என்கிறார்கள். உண்மையா? (பர்கூர் வாசகர்)

பதில்: உண்மை இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இந்த 'ஓசி' என்ற சொல்லைத்தான், அதனால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. பதிவுச் சீட்டுக்கு வாங்கும் சில்லறை கட்டணமாகாது. அதே சமயம், சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு நிறுவனமோ, வேலை கொடுத்தவரோ ஏற்றால் அது இலவசம் இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வழக்கில் 2007-ல், தொழிலாளி சந்தா கட்டுவதால் அவரும் நுகர்வோரே என்று முடிவானது. இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் சந்தாத் திட்டம்தான். 2017 இறுதியில் மாற்றிய கணக்குப்படி ஹவில்தார் வரையிலான பதவிகளுக்கு 30,000 ரூபாய், ஜே.சி.ஓ.க்களுக்கு (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்) 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. நீங்கள் கட்டிய ரசீதையோ, ஓய்வூதியப் பலன்களிலிருந்து பிடித்ததற்கான தாளையோ மனுவின் முதல் இணைப்பாக வையுங்கள்.

'மிலிட்டரி' என்ற பயத்துக்குப் பதில் 2023 செப்டம்பர் 26 தீர்ப்பில் இருக்கிறது. 2002-ல் எல்லைப் பணியில் இருந்த விமானப்படை வீரர் ஒருவருக்குச் சாம்பாவில் உள்ள ராணுவ மருத்துவமனையில் ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். 2014-ல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்த ரத்தமே காரணம் என்று ராணுவ மருத்துவக் குழுக்களே எழுதின. தேசிய நுகர்வோர் ஆணையம் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ராணுவமும் விமானப்படையும் சேர்ந்து சுமார் 1 கோடியே 54 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. அவர் கேட்டிருந்தது 95 கோடி. தொகையை வானத்துக்கு ஏற்றி எழுதச் சொல்லும் ஆலோசகர்கள் உங்களிடமும் வருவார்கள். இந்த இரண்டு எண்களையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.

இனி உங்கள் வழக்கின் உயிர்நாடி. பித்தப்பை ஆபரேஷனில் நாளம் காயப்படுவது மருத்துவ உலகம் அறிந்த சிக்கல். சம்மதப் படிவத்திலேயே அச்சடித்திருப்பார்கள். "நாளத்தை வெட்டிவிட்டார்கள்" என்பதை மட்டும் வைத்து மனு எழுதினால் "கவனமாகச் செய்தாலும் நேரக்கூடியது" என்ற ஒரே வரியில் பதில் வரும். ஆபரேஷனுக்குப் பிறகு மஞ்சளும் காய்ச்சலும் வந்த நோயாளிக்கு பிலிருபின் பரிசோதனை (காமாலை அளவு காட்டும் ரத்தப் பரிசோதனை), வயிற்று ஸ்கேன் எதையும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பியதுதான் உங்கள் வலுவான இடம். எந்தத் தேதியில், எந்த வேளையில், யாரிடம் சொன்னீர்கள், வார்டு சார்ட்டில் காய்ச்சல் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்பதை நாள்வாரியாக ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மனுவில் முதலில் படிக்கப்படுவது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

எங்கே போடுவது? மருத்துவமனை வேறு மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்; 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த வசதி இது. 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். இந்த வரம்பு நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்து. அதனால் 40 லட்சம் இழப்பீடு கேட்டாலும் உங்கள் மனு மாவட்ட ஆணையத்துக்கே போகும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

எதிர்த்தரப்பாக ஆபரேஷன் செய்த டாக்டரை மட்டும் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அவர் அடுத்த மாதமே வடகிழக்குக்கு மாறுதலாகிவிடுவார், நோட்டீஸ் திரும்பி வரும். இந்திய அரசு (பாதுகாப்பு அமைச்சகச் செயலாளர் வழியாக), மருத்துவமனைத் தலைமை அதிகாரி, பிறகு டாக்டர் என்று வரிசையாகச் சேருங்கள். ஊழியர் செய்த தவறுக்கு அரசே பொறுப்பு என்பது பழைய சட்டம். 1963-ல் ஒரு அரசு மருத்துவமனையில் கருத்தடை ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அதையே சொன்னது.

கேள்வி: என் கணவர் முன்னாள் படைவீரர். சிகிச்சையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். கேஸ் ஷீட் கேட்டால் "மிலிட்டரி ரெக்கார்டு, தர முடியாது" என்கிறார்கள். (பாலக்கோடு வாசகி)

பதில்: அம்மா, வாய்மொழியாகக் கேட்டதை இன்றோடு நிறுத்துங்கள். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் கேளுங்கள். நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும், உள்நோயாளி ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) நகல் மூன்றையும் இணையுங்கள்.

அதோடு நிற்காமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். ராணுவ மருத்துவமனை மத்திய அரசைச் சேர்ந்தது என்பதால் இணையத்திலும் அனுப்பலாம். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். "என் கணவர் ஏன் இறந்தார், யார் பொறுப்பு" என்று கேட்டால் பதில் வராது. சட்டம் ஏட்டில் உள்ளதைத்தான் தரும். எனவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: அனுமதிப் பதிவு, டாக்டர் எழுதிய தினக் குறிப்பு, நர்ஸ் சார்ட், மருந்து கொடுத்த சார்ட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, சம்மதப் படிவம், லேப் ரிப்போர்ட், ரத்தம் ஏற்றியிருந்தால் பையின் எண்ணும் ரத்த வங்கிப் பதிவும், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் பிலிம்கள். நர்ஸ் சார்ட்டை யாரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். டாக்டர் குறிப்பைப் பின்னால் உட்கார்ந்து எழுத முடியும். மூன்று ஷிப்டில் மூன்று பேர் எழுதிய நாடித்துடிப்பு, ரத்த அழுத்தக் கணக்கை ஒரே கையில் மாற்றுவது கடினம். இரண்டுக்கும் நேரம் பொருந்தாத இடத்தில்தான் விஷயம் இருக்கும்.

பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அந்த அறிக்கையும் தேவை. நடக்காவிட்டால் வழக்கே இல்லை என்று ஆகாது, ஆனால் காரணத்தை நிரூபிக்கும் பாரம் கூடும். மனுவில் நீங்கள் மட்டும் அல்லாமல் வாரிசுச் சான்றில் பெயர் உள்ள எல்லோரும் சேர வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் எழுதிக் கொடுத்தால் வக்கீல் வைத்துத் தருவார்கள்.

கேள்வி: வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் கேஸ் நிற்குமாமே? இங்கே யாரும் சக டாக்டருக்கு எதிராகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள். போலீசில் கொடுத்துவிடலாமா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: நிபுணர் கருத்து எல்லா வழக்குக்கும் கட்டாயம் இல்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வயிற்றில் பஞ்சு, மாறிப்போன ரத்தப் பிரிவு, வலது காலுக்குப் பதில் இடது கால் போன்றவற்றுக்கு விஷயமே சாட்சி சொல்லும். சிக்கலான சிகிச்சைக்கு மட்டும் கருத்து வேண்டும். உள்ளூரில் கையெழுத்துக்கு அலையாமல், மருத்துவக் கல்லூரி நிபுணர் குழுவுக்கு ஆவணங்களை அனுப்பச் சொல்லி ஆணையத்திலேயே தனி மனு போடுங்கள். மறு சிகிச்சை செய்த டாக்டர் தன் ஆபரேஷன் குறிப்பில் "முன்பு போட்ட கிளிப் பொதுப் பித்தநாளத்தின் மேல் இருந்தது" என்று கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தால், தனிச் சான்றை விட அது பெரிது.

போலீஸ் வழி வேறு. 2005 தீர்ப்புப்படி, டாக்டர் மீது குற்ற வழக்கு நடத்த 'மிகக் கடுமையான' அஜாக்கிரதை வேண்டும். இன்னொரு தகுதியுள்ள டாக்டரின் கருத்தும் முதலிலேயே வேண்டும். அதில் தண்டனை கிடைத்தாலும் உங்களுக்கு இழப்பீடு தானாக வராது. மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் பதிவை நிறுத்திவைக்க முடியும், பணம் வாங்கித் தர முடியாது.

கேள்வி: இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கி ஓசூரில் எம்பேனல் ஆன (திட்டத்தின் பட்டியலில் உள்ள) தனியார் மருத்துவமனைக்குப் போனோம். தவறு அங்கே நடந்தது. யார் மேல் போடுவது? (ஓசூர் வாசகர்)

பதில்: தனியார் மருத்துவமனையை முதல் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். உங்கள் பில்லை அரசு கட்டியிருப்பதால் 'இலவசம்' என்ற வாதம் அங்கே எடுபடாது. ரெஃபரல் தாமதமானதும் ஒரு காரணம் என்றால் மட்டும் இ.சி.எச்.எஸ்.ஸையும் சேருங்கள். ரெஃபரல் சீட்டில் உள்ள தேதியும் நேரமும் முக்கியம். பணம் பெறுவதற்காக அந்த மருத்துவமனை இ.சி.எச்.எஸ்.ஸுக்கு அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரி, பில் நகல்களையும் கேட்டு வாங்கி உங்களிடம் தந்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: அவசரத்துக்கு 108-ல் ஏற்றி அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சேர்க்கவே மறுத்து அலைக்கழித்தார்கள். (பென்னாகரம் வாசகர்)

பதில்: அது மாநில அரசின் முழு இலவச மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் சரிப்படாது. இரண்டு வழி உண்டு. அவசர சிகிச்சை மறுப்பது வாழ்வுரிமையை மீறுவது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், சம்பவம் ஆவணத்தில் தெளிவாக இருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். (நம் இரு மாவட்டங்களும் சென்னை அமர்வுக்கு உட்பட்டவை. மதுரைக்குப் போய் நிற்க வேண்டாம்.) ரெஃபர் சீட்டு, 108 பதிவு, அடுத்த மருத்துவமனையின் சேர்க்கை நேரம் மூன்றும் இருந்தால் தாமதம் தானாகப் பேசும். உண்மையே சர்ச்சையில் இருந்தால் சிவில் வழக்கு. அதற்கு முன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி துறைச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். கட்ட வசதியில்லாதவர் வறியவர் என்று மனுச் செய்யலாம்.

கேள்வி: எங்கள் மருமகன் அமெரிக்க ராணுவத்தில் இருந்து விலகியவர். அங்குள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் தவறு நடந்துவிட்டது. அங்கே முறை என்ன? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: அங்கே நேராக நீதிமன்றம் போக முடியாது. மத்திய அரசு மீதான இழப்பீட்டுச் சட்டப்படி, முதலில் எஸ்.எஃப்.-95 என்ற படிவத்தை முன்னாள் படைவீரர் துறையிடம் கொடுக்க வேண்டும். தவறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. அதில் குறிப்பிட்ட ஒரு தொகையை எழுதியே தீர வேண்டும். "பின்னர் தெரிவிக்கப்படும்" என்று எழுதினால் மனு செல்லாது, குறைத்து எழுதினால் பிறகு அதற்கு மேல் கேட்பது கடினம். துறைக்கு ஆறு மாதம் அவகாசம். மறுத்து எழுத்தில் பதில் வந்தால் அடுத்த ஆறு மாதத்துக்குள் மத்திய மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். நீதிபதி மட்டுமே விசாரிப்பார், ஜூரி கிடையாது, தண்டனை இழப்பீடும் கிடையாது. வக்கீல் கட்டணம் துறை அளவில் முடிந்தால் 20 சதவீதம், வழக்குக்குப் பின் 25 சதவீதம் என்று சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. மருத்துவர் துறையின் ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் என்றால் அந்த மாநிலச் சட்டப்படி தனி வழக்கு, தனிக் கெடு. இது தவிர அந்நாட்டு முன்னாள் படைவீரர் சலுகைச் சட்டத்தின் 1151-ஆம் பிரிவின் கீழ் மாதாந்திர உதவித்தொகையும் கேட்கலாம், அதற்குக் கெடு இல்லை. இரண்டும் கிடைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பார்கள்.

கேள்வி: சம்பவம் நடந்து இரண்டரை வருடம் ஆகிவிட்டது. குறைதீர் இணையத்தில் புகார் கொடுத்துப் பதிலுக்குக் காத்திருந்தேன். (அரூர் வாசகர்)

பதில்: நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு கெடு. புகார் இணையத்தில் மனு நிலுவையில் இருப்பது கெடுவை நிறுத்தாது. தவறு எப்போது தெரிந்தது என்பதைப் பாருங்கள்: உள்ளே விட்ட பஞ்சு ஸ்கேனில் தெரிந்த நாள்தான் தொடக்கம் என்று வாதிட இடமுண்டு. அப்படி இல்லையென்றால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை மூல மனுவோடு சேர்த்தே போடுங்கள். படுக்கையில் இருந்த நாட்கள், ஆவணம் தராமல் இழுத்த நாட்கள் என ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தாள் காட்ட வேண்டும். இணையப் புகாரின் பதிவு எண்ணும் தேதியும் அந்தத் தாள்களில் ஒன்றாக உதவும். இதற்கு மேல் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.