பழைய லாங்வேவ் செட்டா, புது ரிக்கா? கேள்வி பதில்

பதில் சொல்பவர்: முன்னாள் கப்பல் ரேடியோ ஆபீசர். இப்போது முத்தியால்பேட்டையில் வால்வு செட்டுகளோடு குடித்தனம்.

லாஸ்பேட்டை: அண்ணா, ஆர்சிஏ ஏஆர்-88 எல்எஃப் என்ற பழைய வால்வு ரிசீவர் ஒன்று கைக்கு வந்தது. பக்கத்திலேயே புது ஹாம் ரேடியோ செட் (ரிக்), ஐகாம் 7300. மொட்டை மாடியில் கட்டிய ஒரே 20 மீட்டர் கம்பியை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தால், லாங்வேவில், அதாவது 200 கிலோஹெர்ட்ஸ் பக்கம், பழசு பிளந்து கட்டுகிறது, புதுசு ஊமை. 7300 போய்விட்டதா?

போகவில்லை தம்பி. 200 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 1,500 மீட்டர். அதற்கு முன்னால் உன் 20 மீட்டர் கம்பி ஆன்டெனாவே இல்லை, சுமார் 200 பிகோஃபாரட் கண்டன்சர், அவ்வளவுதான். அந்த அலைவரிசையில் அதன் தடை 4,000 ஓம் வரும். 7300-இன் ஏரியல் வாயோ 50 ஓம். கம்பியில் ஏறும் வோல்டேஜில் எண்பதில் ஒரு பங்குகூட உள்ளே போகாது. 38 டெசிபெல் வாசலிலேயே காலி. ஏஆர்-88-இல் முதல் கம்பிச்சுருளே (காயில்) ஏரியல் கம்பியோடு சேர்ந்து ட்யூன் ஆகும், முகப்பில் ஏரியல் ட்ரிம்மர் குமிழும் இருக்கிறது. போதாததற்கு, 7300-க்கு உணர்திறன் கணக்கு தந்திருப்பதே 500 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான். நீ சோதித்தது இரண்டு ரிசீவரை அல்ல, ஒரு கம்பியை. மினிவிப் மாதிரி, குட்டி ஏரியலோடு எஃப்இடி டிரான்சிஸ்டர் பஃபர் வைத்த ஆக்டிவ் ஆன்டெனா ஒன்றை உயரத்தில் ஏற்றி, நல்ல எர்த் கொடுத்து மறுபடி கேள். புதுசுக்கு வாய் திறக்கும்.

கடலூர் முதுநகர், பொறியியல் மாணவி: சார், அப்படியானால் நியாயமாக ஒப்பிடுவது எப்படி? சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரைப் பார்த்தால் போதுமா?

எஸ் மீட்டரை மறந்துவிடும்மா. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. காதையும் முழுசாக நம்ப முடியாது. அபாய அழைப்பு கேட்பதற்காகக் கப்பல்கள் எல்லாம் வாயை மூடும் 500 கிலோஹெர்ட்ஸ் மௌன நேரத்தில், மணிக்கு இரண்டு தடவை மும்மூன்று நிமிடம், ஹெட்போனோடு உட்கார்ந்து பழகியவன் சொல்கிறேன்: சத்தமாகப் பாடுகிற செட்தான் காதுக்கு நல்ல செட்டாகப் படும்.

ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்மீட்டர் வை. இரண்டிலும் ஏஜிசியை (சத்தத்தைத் தானாகச் சமன் செய்யும் சுற்று) அணை. அலைப்பட்டை ஒரே அளவு இருக்கட்டும். ஒன்றில் 500 ஹெர்ட்ஸ், இன்னொன்றில் 3 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதிலேயே 8 டெசிபெல் வித்தியாசம் வந்துவிடும். சிக்னல் ஜெனரேட்டரை அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பெட்டி) வழியாகப் புதுசுக்கு நேராகக் கொடு, பழசுக்கு, ஏரியல் கம்பிக்குப் பதிலாக, 200 பிகோஃபாரட் கண்டன்சரைத் தொடரில் போட்டுக் கொடு. வெறும் இரைச்சலின் வோல்டேஜ் 1.4 மடங்காகும் இடம்தான் 3 டெசிபெல் புள்ளி. அந்த ஜெனரேட்டர் அளவைக் குறித்துக்கொள்.

ஆனால் இந்த எண்ணில் மயங்காதே. நம் ஊர் வெப்பமண்டலக் கரை. இடிமின்னல் இரைச்சல் எந்த ரிசீவரின் சொந்த இரைச்சலையும் முழுங்கிவிடும். ஏரியலைக் கழற்றி அளந்து, மாட்டி அளந்து பார். மூன்று மடங்குக்கு மேல் ஏறினால் உணர்திறன் போதும். அதற்கு மேல் தேடுவது வீண்.

வில்லியனூர்: என் எஸ்டிஆரில் (கம்ப்யூட்டர் மென்பொருளால் இயங்கும் ரேடியோ) 495 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலியும் புதுச்சேரி வானொலியும் கலந்து பாடுகின்றன. நண்பரின் வால்வு செட்டில் அந்த இடம் சுத்தம். எப்படி?

புதுச்சேரியின் 1215-இலிருந்து சென்னையின் 720-ஐக் கழியுங்கள். 495. அங்கே நிலையமே இல்லை. உங்கள் பெட்டிக்குள் பிறந்த பேய் அது. 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் போட்டால் உண்மையான சிக்னல் 10 இறங்கும், பேய் 20 இறங்கும். 500-க்கு மேலே உள்ளதை வெட்டும் லோபாஸ் ஃபில்டரை முன்னால் மாட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பழசுக்குத்தான் என் ஓட்டு. முதல் வால்வுக்கு முன்பே ட்யூன் செய்த காயில், அதைத் தாண்டி மீடியம் வேவ் சுலபமாக நுழையாது. மலிவு எஸ்டிஆரில் கதவே கிடையாது.

பரங்கிப்பேட்டை: திருநெல்வேலி கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் கேட்க எந்தப் பழைய செட் வாங்கலாம்?

மர்ஃபி பி41 என்ற பழைய வால்வு ரிசீவர் அந்த அளவுக்கு இறங்கும். 7300 இறங்காது, 30 கிலோஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். ஆனால் செட்டே வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் உள்ள சவுண்ட் கார்டின் மைக் முனையில் கம்பிச்சுருள் ஒன்றை இணைத்து ஸ்பெக்ட்ரம் மென்பொருளில் பாருங்கள், மேடு தெரியும். மோர்ஸ் வரும் என்று காத்திருக்காதீர்கள், அது எம்எஸ்கே என்ற டிஜிட்டல் முறை.

அரியாங்குப்பம்: எங்கள் தெருவில் எந்த செட் வைத்தாலும் ஒரே கரகரப்பு.

கரண்ட் கட் ஆகும் நாளுக்குக் காத்திருங்கள். செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போது அடங்கினால் எல்ஈடி பல்பும் சார்ஜரும்தான் குற்றவாளி. அப்போதும் வெடித்தால் வானம். ஐப்பசி, கார்த்திகையில் சோதனையே வேண்டாம், ஏரியலைக் கழற்றி வையுங்கள். தை, மாசி இரவுகள்தான் சரி.

காமராஜ் நகர்: காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பெயர்ப்பலகை இல்லாத வால்வு ரிசீவர் ஒன்று வாங்கினேன். பிளக்கில் போடலாமா அண்ணா?

போடவே போடாதே! முதலில் 110-ஆ 230-ஆ என்று டிரான்ஸ்ஃபார்மர் டேப்பைப் பார். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் பழைய மெழுகுக் கண்டன்சரைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்று. பிறகு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு லைன் கொடு. பல்பு பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட். அணைத்த பிறகும் உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். பின்பக்கத்தையும் காயில் பெட்டியையும் படம் எடுத்து அனுப்பு, என்ன செட் என்று பார்ப்போம்.