கொலுவுக்கு ஒன்பது படி கட்டாயமா?

கேள்வி: புகுந்த வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. எனக்கு ஆசை. வாடகை வீடு, இடமும் கம்மி. ஒன்பது படி இல்லாமல் வைக்கலாமா? வழக்கமில்லாதவர்கள் தொடங்கினால் ஆகாது என்கிறார்களே?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக வையுங்கள். படிகள் ஒற்றைப்படையில் வந்தால் சரி, மூன்றே போதும். ஆகாது, கூடாது பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், மாமியாரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் (ஏன் என்று உங்களுக்கே தெரியும்).

மகாளய அமாவாசையன்று படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, மேலே கலசமும் சாமி பொம்மைகளும், நடுவில் ஆழ்வார், நாயன்மார் போன்ற மகான்கள், கீழே மனிதர்கள், விலங்குகள் என்று அடுக்குவது வழக்கம். முதலில் ஒரு மரப்பாச்சி ஜோடி வாங்கி, ஜரிகைத் துணியில் குட்டிப் புடவையும் வேட்டியும் கட்டிவிடுங்கள். அப்புறம் செட்டியார் பொம்மை! தொந்தியும் தொப்பையுமாக அவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் மனைவி, எதிரே சொப்புகளில் நிஜ அரிசி, துவரம்பருப்பு, மிளகு. வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கடையை விட்டு நகரமாட்டார்கள்.

பண்ருட்டி, மதுரை விளாச்சேரி மண் பொம்மைகள் அழகுதான், ஆனால் அடிக்கடி வீடு மாறுபவர்களுக்குக் காகிதக்கூழ் பொம்மைதான் என் சிபாரிசு, எடை குறைவு. சுண்டல் தினமும் ஒரு வகை செய்யுங்கள், முடியாத நாளில் வெற்றிலை பாக்கு, பழம் கொடுத்தாலும் குறையில்லை. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் பழைய பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள், மூக்குப் பக்கம் இன்னொரு சுற்று.