சிற்றூர்க் கலைவிழா: மேடை, மின்சாரம், ஒலி பற்றிய கேள்வி பதில்

மேடை, மின்சாரம், ஒலி, நேர அட்டவணை பற்றிக் கேளுங்கள். நன்கொடை திரட்டுவதும் போஸ்டர் அடிப்பதும் என் துறை இல்லை.

கேள்வி: மதியம் 3 மணியிலிருந்து இரவு 9 வரை விழா. 12 குழு, ஆளுக்கு அரை மணி நேரம். கணக்கு சரியா வருது. எதையாவது விட்டுட்டோமா சார்?

ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் நேரத்தை விட்டுவிட்டீர்கள். தனியாகப் பாடுபவர் என்றால் 5 நிமிடம் போதும். நாடகக் குழுவுக்கு 10 முதல் 15. டிரம்ஸ் வைத்த இசைக்குழுவுக்கு 20க்குக் குறையாது. சராசரி 12 என்று வைத்தாலும் 11 மாற்றத்துக்கு 132 நிமிடம். ஒன்பது மணிக்கு முடிய வேண்டியது பதினொன்றைத் தாண்டும். கடைசிக் குழு காலி நாற்காலிகளுக்குத்தான் ஆடும்.

எட்டுக் குழுவாகக் குறையுங்கள். 240 நிமிடம் நிகழ்ச்சி, ஏழு மாற்றத்துக்கு 84, மிச்சம் 36. அந்த 36ஐக் கடைசியில் வைக்காதீர்கள். நடுவில் பாதி, கடைசிக் குழுவுக்கு முன்னால் பாதி என்று பிரியுங்கள். தாமதம் அங்கங்கே கரைந்துவிடும்.

இரண்டு வாரம் முன்பே ஒவ்வொரு குழுவிடமும் இரண்டு தாள் கேட்டு வாங்குங்கள். ஒன்று, யார் எங்கே நிற்பார்கள் என்ற மேடைப் படம். இன்னொன்று, மைக் பட்டியல்: "பாட்டு 1, கிட்டார் 1 டிஐ, கீபோர்டு 2 டிஐ" என்று வரிவரியாக (டிஐ என்பது கருவியின் ஒலியை மைக் இல்லாமல் நேராக மிக்சருக்கு, அதாவது எல்லா ஒலியும் வந்து கலக்கும் பலகைக்கு, அனுப்பும் சிறு பெட்டி). எட்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மிக்சரில் எத்தனை சேனல் (உள்ளீட்டு வழி) வேண்டும் என்று தெரியும். டிரம்ஸ் செட் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே இருக்கட்டும், சிம்பலும் குச்சியும் மட்டும் அவரவருடையது. சவுண்ட் செக்கைத் தலைகீழாக நடத்துங்கள். கடைசியில் வரும் குழுவுக்கு முதலில், முதலில் வரும் குழுவுக்குக் கடைசியில். அப்போதுதான் தொடக்கக் குழுவின் மைக்குகள் வைத்தது வைத்தபடி இருக்கும்.

கேள்வி: எத்தனை கேவிஏ ஜெனரேட்டர் எடுக்கணும்?

கேவிஏ என்பது ஜெனரேட்டரின் கொள்ளளவு. கருவிகளின் லேபிளில் உள்ள வாட்ஸைக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு ஒலி 4 கிலோவாட், விளக்கு 3, மற்றவை 1, ஆக 8. அதை 0.8ஆல் (பவர் ஃபேக்டர், அதாவது கேவிஏவில் வாட்ஸாகக் கிடைக்கும் பங்கு) வகுத்தால் 10 கேவிஏ. ஜெனரேட்டரை முக்கால் பளுவுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதால் 10ஐ 0.75ஆல் வகுத்தால் 13.3 வரும், எனவே 15 எடுங்கள். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று 60 எடுப்பதும் தப்பு. டீசல் இன்ஜின் மணிக்கணக்கில் போதிய பளு இல்லாமல் ஓடினால் எரியாத எண்ணெய் புகைக்குழாயில் படியும்.

விளக்குக்கு ஒரு ஃபேஸ் (மூன்று ஃபேஸ் இணைப்பின் மின்வழிகளில் ஒன்று), ஒலிக்கு வேறு ஃபேஸ். ஆனால் மிக்சரும் மேடை ஆம்ப்ளிஃபையரும் ஒரே ஃபேஸில், ஒரே எர்த்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் விழா முழுக்கக் கூடவே வரும்.

இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ரீலில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் ஒயரை முழுக்க அவிழ்த்துவிட்டுத்தான் பளு கொடுக்க வேண்டும். சுருளாக இருந்தால் உள்சுற்றின் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை, இன்சுலேஷன் உருகி ஒட்டிக்கொள்ளும். பல ரீல்களின் லேபிளிலேயே அவிழ்த்தால் எவ்வளவு, சுருட்டினால் எவ்வளவு என்று இரண்டு அளவு போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை.

கேள்வி: ஓவியக் கண்காட்சிக்குத் தட்டிகள் நிறுத்தறோம். எவ்வளவு உயரத்துல மாட்டலாம்?

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். குழந்தைகள் பார்க்க வேண்டியவற்றை இன்னும் கீழே இறக்குங்கள். தட்டிகளை நேர்க்கோட்டில் நிறுத்தினால் ஒரு காற்றுக்கு வரிசையாகச் சாயும். கோணல்மாணலாக, ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தினால் நிற்கும். நீர்வண்ண ஓவியத்தின் மேல் நேர் வெயில் படக் கூடாது.

கேள்வி: அண்ணா, எங்க விழாவுக்கு எத்தனை கேவிஏ தேவைப்படும்? ரெண்டு மேடை.

கணக்கு மேலே இருக்கிறது. இரண்டு மேடைக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் ஒயர் (மூன்றுக்கும் பொதுவான திரும்பு ஒயர்) கழன்றால், பளு குறைவான ஃபேஸில் 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 400ஐ நெருங்கிவிடும், மிக்சரும் கீபோர்டும் நொடியில் போய்விடும். ஒவ்வொரு சாக்கெட்டையும் மல்டிமீட்டரில் பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். ரீல் ஒயர் விஷயத்தையும் மேலே படியுங்கள்.

கேள்வி: மைதானம் 50 மீட்டர் நீளம். பின்வரிசைக்கு ஒன்னும் கேக்கறதில்ல. மேடை ஸ்பீக்கரைக் கூட்டி வெச்சா முன்னாடி இருக்கறவங்க காதைப் பொத்திக்கறாங்க.

திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். 5 மீட்டரில் 95 என்றால் 10இல் 89, 20இல் 83, 40இல் 77. கூட்டி வைப்பதால் இந்த இடைவெளி மாறாது. மேடையிலிருந்து 25 மீட்டரில் இரண்டு ஸ்பீக்கரைக் கம்பத்தில் ஏற்றி, பின்வரிசையைப் பார்த்து வையுங்கள். அவற்றுக்குப் போகும் ஒலியை டிலே செய்ய வேண்டும், அதாவது சற்றுத் தாமதித்து அனுப்ப வேண்டும். 25ஐ ஒலியின் வேகமான விநாடிக்கு 343 மீட்டரால் வகுத்தால் 73 மில்லிசெகண்ட். அதோடு ஒரு 15 சேர்த்து 88 வையுங்கள். டிலே இல்லாவிட்டால் பக்கத்து ஸ்பீக்கர் முதலில் பேசும், மேடை பின்னாலேயே வந்து திரும்பச் சொல்லும், ஒரு வார்த்தையும் புரியாது.

குறுக்கீடு (ஒலி அமைப்பாளர் ஒருவர்): 15 சேக்கறது தப்பு. சரியா 73 வெச்சாத்தான் ஃபேஸ் (மின்சார ஃபேஸ் இல்ல, ரெண்டு ஒலியலையும் ஏறி இறங்கறது) சேரும். சாயங்காலம் குளிர்ந்தா அந்தக் கணக்கும் மாறும்.

ஃபேஸ் சேர்வது மேடையும் கம்பமும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில்தான். 1000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 34 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்து இரண்டு பாதைக்கும் 17 செ.மீ. வித்தியாசம் வந்துவிட்டால் அந்த ஸ்வரம் அடிபட்டுப்போகும். இருநூறு பேரையும் ஒரே கோட்டிலா உட்கார வைக்கப்போகிறீர்கள்? கூடுதல் 15 வேறு காரணத்துக்காக. முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே காது நம்பும், பின்னால் வருவது சற்று உரக்க இருந்தாலும் கூட. ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து சொன்னது இது. இப்படி வைத்தால் குரல் மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும்.

குளிர்ச்சியைப் பார்ப்போம். 30 டிகிரியில் 71.6, 20 டிகிரியில் 72.9. வித்தியாசம் ஒன்றேகால் மில்லிசெகண்ட்.

அவரே: அப்ப டேப் வெச்சு அளக்கறதே வீண்னு சொல்றீங்களா?

இல்லை. கண்மதிப்பில் 5 மீட்டர் தவறினால் 15 மில்லிசெகண்ட் போச்சு, சேர்த்து வைத்தது மொத்தமும் கரைந்துவிடும். டேப் கட்டாயம், தெர்மாமீட்டர் வேண்டாம்.

அவரே: 15 இருந்தா பேச்சு கொழகொழன்னு இருக்கும். 10 போதும்.

10 வையுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. 73இல் நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: எங்க மிக்சர்ல டிலேயே இல்லையே?

அவுட்புட்டுக்கும் கம்பத்து ஸ்பீக்கருக்கும் நடுவில் தனி டிலே கருவி வைக்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் கம்பத்து ஸ்பீக்கரே வேண்டாம். மேடை ஸ்பீக்கரை 3 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, முகத்தைப் பின்வரிசைப் பக்கம் சாய்த்து வையுங்கள். முன்வரிசைக்கு நேரடி வீச்சு குறையும், பின்வரிசைக்குத் தலைகள் மறைக்காது. முழுத் தீர்வு இல்லை, ஆனால் பேச்சு புரியும்.

கேள்வி: பாட்டு போடறதுக்கு உரிமம் வாங்கணுமா?

வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: மடக்குக் கூடாரம் 3×3, பத்து வெச்சிருக்கோம். தரை சிமெண்ட், ஆணி அடிக்க முடியாது.

ஒவ்வொரு காலுக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, அதாவது 20 கிலோ. இது தொடக்க அளவுதான், காற்று வீசும் இடமென்றால் இரண்டு. கேனைக் காலடியில் வெறுமனே வைத்தால் பயனில்லை, காற்று கூரையைத்தான் தூக்கும். கூரைச் சட்டத்தின் மூலையிலிருந்து பட்டையை இறக்கிக் கேனோடு இறுக்கிக் கட்டுங்கள். கேன் ஆடும்படி தொங்கவிடாதீர்கள். துணி படபடவென்று அடிக்கத் தொடங்கினாலே ஆட்களை வெளியேற்றி மடக்கிவிடுங்கள்.

கேள்வி: சின்ன விழாதான் சார். 5 கேவிஏ போதுமா?

மூன்றாவது முறை. வாட்ஸைக் கூட்டுங்கள், 0.8, முக்கால் பளு. தண்ணீர் சூடாக்கும் கெட்டில் ஒன்றே 2 கிலோவாட் இழுக்கும், அதை மேடை இணைப்பில் செருகவிடாதீர்கள். ரீலை அவிழுங்கள்.

கேள்வி: தொகுப்பாளர் மைக் எடுத்தாலே கீன்னு கத்துது.

அவர் ஸ்பீக்கருக்கு முன்னால் வந்து நிற்கிறார், அல்லது மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறார். பொத்தினால் பின்பக்க ஒலியை ஒதுக்கும் வழி அடைபடும், மைக் எல்லாத் திசையையும் வாங்கத் தொடங்கும். நடுக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் நிற்க வேண்டிய இடத்தில், ஸ்பீக்கர் வரிசைக்குப் பின்னால், தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

கேள்வி: விழா முடிஞ்சதும் எதை முதல்ல கழட்டறது?

கூட்டம் வெளியேறும் வரை எதையும் தொடாதீர்கள். பிறகு மைக்குகள், அவற்றை எண்ணிப் பெட்டியில் வைத்துவிடுங்கள், தொலைவது அதுதான். அடுத்து ஆம்ப்ளிஃபையர்களை அணையுங்கள், பிறகு மிக்சரை. வரிசை மாறினால் ஸ்பீக்கரில் "டப்" என்று அடிக்கும், ட்வீட்டருக்கு (கீச்சொலியைத் தரும் சிறு ஸ்பீக்கர்) ஆகாது. மேடை விளக்கைக் கழற்றும் முன் ஆட்கள் வேலை செய்ய இரண்டு விளக்கைத் தனி இணைப்பில் எரியவிடுங்கள். ஜெனரேட்டரைப் பளு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டு நிறுத்துங்கள்.